பெரியவர்களுக்கு இலவச சட்ட உதவி

வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்குத் தயங்கி நிற்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதே இல்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான், அதாவது ஆர்.டி.ஓ.தான், இதற்கான தீர்ப்பாயத்தின் தலைவர். வக்கீல் வைக்காமல் நீங்களே மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவர் சார்பில், அவர் ஒப்புதலோடு வேறொருவர் கொடுக்கலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தர வேண்டுமென்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். பிள்ளைக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

'என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே எழுதிக் கொடுப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய வழக்கென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு வக்கீலை அவர்களே இலவசமாக அமர்த்தித் தருவார்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.

சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இந்த இரண்டு எண்களை இன்றே எழுதிக் கொடுங்கள். உரிமையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?