தோல் தைக்க நூல் வாங்கும்போது

(டிவிஷன் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் கதைக்கப் போவது நூலைப் பற்றி. நூலைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று பின்னால் சில பேர் சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் அடி பிளந்த சப்பாத்தோடு பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று லயத்து வாசலில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையின் தாய் சிரிக்க மாட்டார். புதுச் சப்பாத்து ஒரு சோடி என்றால் பல நாள் சம்பளம். தைக்கக் கொடுக்க டவுனுக்குப் போனால் பஸ் காசு, தையல் கூலி, அதோடு அன்றைய பேரும் போய்விடும். பிள்ளைக்கோ அந்த நாள் பாடம் போய்விடும்.

ஆகவே நிறையப் பேர் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் எதால் தைக்கிறார்கள் என்று பார்த்தால், சட்டை தைக்கிற ரீல் நூலை நான்காக மடித்துத் தைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் தங்கூசி. இரண்டும் சரிவராது.

பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும். நம்முடைய மலையில் மழை தொடங்கினால் வாரக் கணக்கில் சப்பாத்து காயாது. ஈரம், கால் வியர்வை, தோல் பதனிடப் போட்ட மருந்து எல்லாம் சேர்ந்து நூலை உக்க வைத்துவிடும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால் கையோடு வரும். தங்கூசி உக்காது, உண்மை. ஆனால் அது ஒற்றை இழை, வழுக்கும், முடிச்சு நிற்காது. இறுக்கி இழுத்தால் கத்தி மாதிரித் தோலையே அறுத்துவிடும். மீன் பிடிக்கத்தான் அது நல்லது.

தோலுக்கு ஏற்றது முறுக்கிய நைலோன் நூல் அல்லது முறுக்கிய பொலியெஸ்டர் நூல். நைலோன் நல்ல பலம், உரசலைத் தாங்கும். ஆனால் கொஞ்சம் இழுபடும், நாள்பட்ட வெயிலில் பலம் குறையும். பொலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது, மழைக்கும் வெயிலுக்கும் நின்று பிடிக்கும். சப்பாத்து அடிக்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பை வார், இடுப்புப் பட்டி போன்றவற்றுக்குப் பொலியெஸ்டரே நல்லது என்பது எங்கள் எண்ணம். பழைய கைகாரர்கள் லினன் நூலைத்தான் மெச்சுவார்கள். அது அழகான நூல்தான், ஆனால் விலை கூட, எந்நேரமும் நனைந்தால் அதுவும் உக்கும்.

கடையில் போய் "தடித்த நூல் தாங்க" என்று மட்டும் கேட்காதீங்க. ரீலின் லேபிளைப் பாருங்க. டெக்ஸ் என்று ஓர் எண் இருந்தால், அது 1000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராம் என்பது. ஆகவே எண் கூடினால் நூல் தடிப்பு. டிக்கட் எண் என்று போட்டிருந்தால் அது தலைகீழ்: 40ஐ விட 20தான் தடிப்பு. இது தெரியாமல் பெரிய எண்ணைக் கேட்டு மெல்லிய நூலோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். சப்பாத்துக்கு அரை மில்லிமீற்றரில் இருந்து 0.8 மில்லிமீற்றர் வரை தடிப்புப் போதும். அதற்கு மேல் போனால் துவாரம் பெரிதாகித் தோல்தான் கிழியும்.

மலிவாக வேண்டுமானால் மீன் வலை பின்னுகிற முறுக்கு நூலைக் கேளுங்க. அதில் 210/6, 210/9 என்று எழுதியிருக்கும். பின்னால் உள்ள எண் எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதைக் காட்டும். இந்த இரண்டுமே நமக்குப் பொருந்தும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகள் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம்.

விலையை ரீலுக்கு ரீல் ஒப்பிடக் கூடாது, மீற்றருக்குப் பாருங்க. இரண்டு ஊசியால் தைக்கும்போது தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் போகும். ஒரு சப்பாத்தின் அடி சுற்றளவு 60 சென்ரிமீற்றர் என்று வையுங்க. நான்கு மடங்கு 2.4 மீற்றர். சோடிக்கு ஏறக்குறைய 5 மீற்றர். 100 மீற்றர் ரீல் ஒன்று 20 சோடிக்குக் காணும். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல ரீலை வாங்கினால் ஒருவருக்கும் பாரமில்லை.

வாங்குமுன் ஒரு முழம் இழுத்து நகத்தால் தடவிப் பாருங்க. முண்டும் முடிச்சும் தட்டுப்பட்டால் வேண்டாம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்துப் பார்க்கலாம், வெறுங்கையால் இழுத்தால் கை அறுபடும். நைலோன் என்று சொல்லிப் பருத்தியைத் தந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சிறு துண்டைக் கொளுத்துங்க. பருத்தி கடதாசி வாடையோடு எரிந்து சாம்பலாகும். நைலோனும் பொலியெஸ்டரும் சுருங்கி உருகி, ஆறினதும் கெட்டியான மணியாகும். சுடச்சுடத் தொட்டுவிடாதீங்க. கறுப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்க, இல்லாவிட்டால் பிள்ளையின் வெள்ளைக் காலுறை பாழ்.

தைக்குமுன் தேன்மெழுகில் மூன்று தரம் நூலை இழுத்து, துணியால் வேகமாகத் தேய்த்து விடுங்க. மெழுகுதிரி மட்டும் போட்டால் உதிர்ந்துவிடும். பழைய துவாரங்களிலேயே தையுங்க, நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோர்த்து, ஒரே துவாரத்தில் இரு பக்கமிருந்தும் வாங்கி இறுக்குங்க. இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் நிற்கும். கடைசியில் இரண்டு துவாரம் திரும்பி வந்து வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் உருக்கி அமர்த்துங்க. இப்போது வருகிற சப்பாத்துப் பலவற்றில் மேல்பாகம் ரெக்சின்தான். அதில் புதிதாகத் துவாரம் போட்டால் நெருக்கமாகப் போடாதீங்க, தபால் முத்திரை மாதிரிக் கிழிந்து வரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தோல் வேலை இன்னாருக்குத்தான் உரியது என்று ஒதுக்கிக் கதைக்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பிள்ளையின் சட்டையைத் தைக்கிற கை சப்பாத்தையும் தைக்கலாம். டவுனில் பாதையோரம் உட்கார்ந்து தைக்கிற அண்ணன்மாரிடம் மரியாதையாகக் கேட்டால், எத்தனையோ நுணுக்கம் சொல்லித் தருவார்கள். வேலையில்லாமல் இருக்கிற இளைஞர் இரண்டு பேர் பழகிக்கொண்டால் லயத்துக்குள்ளேயே ஒரு சிறு வருமானமும் உண்டு.

தைத்த சப்பாத்தை அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம். தோல் வெடித்தால் எந்த நூலாலும் பிடிக்க முடியாது. உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்துக் காற்றில் வையுங்க. ஊசியையும் குத்தூசியையும் டின்னில் போட்டு மூடி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கிழிந்த சப்பாத்தைக் கொண்டு வாருங்கள். நூலும் மெழுகும் நாங்கள் கொண்டு வருகிறோம்.