குளிரில் கருகிய வாழையைப் பிடுங்காதீர்கள்

(மேல்மட்டத் தோட்டங்களில் வீட்டுத்தோட்டம் செய்வோரின் கூட்டத்தில் எமது குழுவினர் ஆற்றிய உரை)



மலையில் வேலை முடித்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறோம். தை, மாசிக் குளிரிலிருந்து வாழையை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். "வாழை வைக்கிறதுக்கும் ஒரு கூட்டமா?" என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கீழ்நாட்டில் என்றால் கூட்டம் தேவையில்லைதான். அங்கே வாழையைக் குப்பையில் எறிந்தாலும் முளைக்கும். நாம் இருப்பதோ மேலே.

பெப்ரவரி மாதத்தில் மேல்மட்டத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஒரே காட்சியைத்தான் காண்கிறோம். லயத்துக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று நின்ற வாழை, வெந்நீர் ஊற்றியதைப் போல் கருகித் தொங்குகிறது. அடுத்த கிழமை போனால் அந்த இடத்தில் வெறுங்குழிதான். "செத்துப் போச்சுங்க, புடுங்கி கான்ல போட்டுட்டோம்" என்பார்கள். கானில் கிடப்பதைப் புரட்டிப் பார்த்தால் கிழங்கு வெள்ளை வெளேரென்று உயிரோடு இருக்கும். பழம், காய், பூ, தண்டு, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இலை என்று எல்லாம் தருகிற மரம் அது. ஒரு சீப்புப் பழம் வாங்கக் கையைப் பிசைகிற வீட்டிலேயே அதைப் பிடுங்கி எறிந்தால் வயிறு எரியாதா? எரிகிறது.

வாழையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் மரம் என்று சொல்லும் அந்தத் தூர் மரமே இல்லை. இலை மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிற்பதுதான் அது. உரித்துப் பார்த்தால் வெங்காயம் போலக் கழன்று வரும். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. புது இலை புறப்படுகிற குருத்து முனையும் அந்தக் கிழங்கின் தலையில், தரை மட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. குலை தள்ளும் பருவம் வந்த பிறகுதான் அது தூருக்குள் மேலேறும். ஆகவே குலை தள்ளாத வாழையின் மேல்பாகம் முழுவதும் கருகினாலும் கீழே உயிர் இருக்கும். எங்கள் மலைகளில் புல் நுனியிலும் இலையிலும் துகள் உறைபனி விழுந்தாலும் அரை அடி ஆழத்தில் மண் உறைவதில்லை. கிழங்கு அங்கே பத்திரமாக இருக்கிறது. அதை அழுக விடாமலும், நாமே பிடுங்கிப் போடாமலும் இருந்தால் போதும்.

எமது குளிர் வாழைக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகையிலிருந்து 6.5 பாகை வரை குறையும். கொழும்பில் சராசரி 27, 28 பாகை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே சராசரி 16 பாகைதான். வாழைக்குப் பிடித்தது 26, 28 பாகை. 16க்குக் கீழே போகப்போக வளர்ச்சி சுணங்கும், 10 பாகை அளவில் புது இலை விடுவதே நின்றுவிடும். கீழ்நாட்டில் ஒரு கிழமைக்கோ பத்து நாளுக்கோ ஓர் இலை விடுகிற வாழை, இங்கே குளிர் காலத்தில் மாதம் ஓர் இலை விட்டாலே பெரிது. குலை தள்ளுமுன் முப்பது நாற்பது இலையாவது விட்டாக வேண்டும். கீழே ஒரு வருடத்தில் வரும் குலை இங்கே இரண்டு வருடம் எடுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான், மண்ணில் குறையில்லை. "எங்க மண்ணுக்கு வாழ வராதுங்க" என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

அடுத்து, எங்கே நடுவது என்ற கேள்வி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் உறைபனி விழும். மேகம் போர்வை மாதிரி. அது இல்லாவிட்டால் பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். அப்போது நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தேயிலையிலும் பள்ளத்து மட்டம்தான் முதலில் கருகுகிறது என்பதைக் கங்காணிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் வீட்டுத்தோட்டத்துக்கென்று நமக்குக் கிடைக்கிற துண்டு பெரும்பாலும் எங்கே இருக்கிறது? ஆற்றோரம், கானோரம், பீலிக்குக் கீழே. நல்ல சரிவெல்லாம் தேயிலைக்குப் போய்விட்டது. இதை இந்தக் கூட்டத்தில் மாற்ற முடியாது. அதனால் பள்ளத்துத் துண்டில் கோவா, லீக்ஸ், கரட் போடுங்கள், அவை குளிரைத் தாங்கும். வாழையை மட்டும் லயத்தோடு சேர்த்து வையுங்கள். பகல் முழுவதும் வெயில் படுகிற சுவர் இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கூரை இறக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வாழை கருகாமல் இருப்பதையும், பத்து அடி தள்ளி நிற்பது கருகியிருப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் கூரைத் தண்ணீர் நேரே தூரில் விழக் கூடாது, சுவரின் அத்திவாரத்தை ஒட்டியும் நடக் கூடாது. நாலைந்து அடி விடுங்கள்.

நடுகிற காலமும் முக்கியம். பலர் ஐப்பசி மழை தொடங்கியதும் நடுகிறார்கள். கீழ்நாட்டுக்கு அது சரி. இங்கே ஐப்பசியில் நட்ட கன்று வேர் பிடிக்குமுன்னே குளிரில் மாட்டிக்கொள்ளும். சித்திரை மழையோடு நட்டால் அடுத்த தைக்குள் எட்டு ஒன்பது மாதம் கிடைக்கும். அதற்குள் கிழங்கு பருத்துவிடும். பருத்த கிழங்குதான் குளிரைத் தாண்டும். கன்று எடுக்கும்போது ஈட்டி போலக் கூரிய, ஒடுங்கிய இலையுள்ள கன்றாகப் பார்த்து எடுங்கள். சின்னதிலேயே அகன்ற இலை விட்ட கன்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கிழங்கில் சத்து இருக்காது. இனம் என்று பார்த்தால் சீனி வாழையும் சாம்பல் வாழையும் ஆனைவாழை போன்றவற்றை விடக் குளிரைத் தாங்கும். கோழிக்கூட்டுப் பழத்தின் ருசிக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்று வைத்துப் பாருங்கள், நாலு வைக்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் நமக்கு வருவது மழைக் குளிர். கருகிய வாழையை விட அழுகிப்போன வாழையே அதிகம் என்பது எங்கள் எண்ணம். மழையில் தண்ணீர் கட்டி நின்று கிழங்கு அழுக ஆரம்பித்துவிடும். பிறகு தையில் இலை கருகும்போது "பனிதான் கொன்னுருச்சு" என்று பழியைப் பனிமேல் போடுவோம். ஆகவே மழைக்கு முன்னே தூரைச் சுற்றி மண்ணைக் கூட்டி மேடாக்கி, பக்கத்தில் சின்னக் கான் ஒன்று வெட்டிவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு யூரியா போட வேண்டாம். யூரியா போட்டால் இளசாக, தண்ணீர்ப் பிடிப்பாக வளரும். அந்த வளர்ச்சிதான் முதலில் கருகும். அதற்குப் பதிலாக அடுப்புச் சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவிக் கிளறிவிடுங்கள். மிலாறு எரித்த சாம்பலை வீணாகக் கொட்டாதீர்கள், வாழை விரும்புகிற பொட்டாசியம் அதில் இருக்கிறது.

இனிப் போர்வை. மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ வெட்டி உலர்த்தி, தூரைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் குவியுங்கள். தூரை ஒட்டித்தான் குவிக்க வேண்டும். துண்டு முழுவதும் பரப்பக் கூடாது. திறந்து கிடக்கும் ஈரமண் பகல் வெயிலை வாங்கி இரவில் சூட்டை விடுகிறது. எல்லா இடத்தையும் புல்லால் மூடினால் அந்தச் சூடு மேலே வராது, இலைக்குக் குளிர் கூடும். அதே காரணத்துக்காகத்தான் உறைபனி விழும் என்று தோன்றுகிற நாளில் காலையிலேயே மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம். காய்ந்த மண்ணை விட ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

காய்ந்த இலைகளை வெட்டாதீர்கள். அவை தூரைச் சுற்றித் தொங்கட்டும், அதுவும் ஒரு கம்பளிதான். "வீட்டுக்கு முன்னால அசிங்கமா இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மாதம் அசிங்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆள் உயரத்துக்கு மேல் வளராத வாழையென்றால் இலைகளை மேலே கூட்டிக் கட்டி, சுற்றிலும் நாலு கம்பு நட்டு, உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து மேலே போர்த்தலாம். சாக்கு இலையில் ஒட்டாமல் கம்பில் நிற்க வேண்டும். மாலையில் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கிற ஆச்சியிடம் சொல்லி வையுங்கள், அவர் மறக்க மாட்டார். பொலித்தீனைத் தூரில் இறுக்கிச் சுற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

இந்தப் போர்த்தும் வேலை ஊருக்குப் புதிதாகத் தெரியலாம், உலகத்துக்குப் பழசு. மழைப்பனி கொட்டுகிற நாடுகளில் தூரை வைக்கோலால் சுற்றிக் கட்டி வாழை வளர்க்கிறார்கள். வசதி உள்ளவர்கள் வேறு வழி கண்டார்கள். இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் சட்ஸ்வேர்த் மாளிகையில் ஜோசப் பக்ஸ்டன் என்ற தலைமைத் தோட்டக்காரர் சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் ஒரு குட்டை வாழையை வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது. கோமகனின் குடும்பப் பெயரான கவென்டிஷ் என்பதே அதற்குப் பெயராயிற்று. இன்று உலகச் சந்தைக்குக் கப்பலேறும் பழத்தில் பெரும்பங்கு அந்த இனத்தைச் சேர்ந்ததே. அவருக்குக் கண்ணாடி வீடு. நமக்கு மானாப்புல்லும் உரச்சாக்கும்.

பள்ளத்தை விட்டால் வேறு இடமே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இடுப்பளவு கூட வராத கன்றுகளை மார்கழிக் கடைசியில் கிழங்கோடு தோண்டி, இலைகளை வெட்டி, மண்ணை உதறி, இரண்டு நாள் இஸ்தோப்பில் நிழலில் உலர்த்துங்கள். பிறகு சாக்கில் நிறுத்தி, அடுப்படியில் நெருப்புப் படாத மூலையில் வைத்துவிடலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது. பங்குனிக் கடைசியில் எடுத்து நட்டால் குருத்து விடும். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் இதற்கு எங்கே இடம் என்பது நியாயமான கேள்விதான். ஒன்றிரண்டு கன்று போதும்.

குளிர் காலத்தில் குலையோடு நிற்கிற வாழைக்கு இந்தப் போர்வை ஒன்றும் போதாது. காய் முற்றியிருந்தால் உறைபனிக்கு முன்னே வெட்டி அடுப்படியில் தொங்கவிடுங்கள். 13 பாகைக்குக் கீழே பல நாள் நின்ற காய் உள்தோல் பழுப்பேறி, சரியாகப் பழுக்காமல் போய்விடும். முற்றாத குலைக்கு அடி திறந்த சாக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் பாருங்கள். தேறாவிட்டால் கறிக்கு ஆகும்.

கருகிய பிறகு என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். பங்குனி நடுப்பகுதி வரை கத்தியே எடுக்க வேண்டாம். அதன் பிறகு தூரை மேலிருந்து ஒரு சாண், ஒரு சாணாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகம் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் இன்னும் கீழே போங்கள். வெள்ளையாக, இறுக்கமாக வந்ததும் நிறுத்துங்கள். நடுவிலிருந்து குருத்து எழும்பும். தரை வரை அழுகியிருந்தால் பக்கத்து மண்ணைக் கையால் விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் மண்ணை மூடிவிட்டுச் சித்திரை முடியும் வரை பொறுத்திருங்கள், பக்கக் கன்று வரும். கை உள்ளே போய் நாற்றம் அடித்தால்தான் அது செத்த வாழை.

பிடுங்கியே ஆக வேண்டிய வாழையும் ஒன்று உண்டு. குளிரில் சுணங்கிய வாழையின் இலைகள் உச்சியில் நெருங்கி, கொத்தாக நிற்கும். இலைக்கொத்து நோய் வந்த வாழையும் அப்படியே நிற்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இலைக் காம்பையும் நடு நரம்பின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக இழுத்திருந்தால், இலை ஒடுங்கி நிமிர்ந்து ஓரம் மஞ்சளித்திருந்தால், அது நோய். பேன் போன்ற சிறு பூச்சிகள் அந்த வைரசை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். அதற்கு மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிப் புதைத்துவிட வேண்டும், அதன் கன்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கோடு இல்லாமல் வெறுமனே நெருங்கி நின்றால் விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலும் மழையும் வந்ததும் அடுத்த இலை விரிந்து வரும். சந்தேகமாக இருந்தால் வெட்டுமுன் ஓர் இலைக் காம்பை மட்டும் ஒடித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.