இரண்டாம் ஆட்டக்காரி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே தலைப்பு இல்லாமல் 'சிறப்புரை' என்று மட்டும் இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அச்சகத்தாரின் பிழையன்று அது. தலைப்பைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

புறத்திணையில் கையறுநிலைத் துறையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் என்றுதான் இம்மேடையில் என்னை அறிமுகம் செய்வது வழக்கம். பொழுதுபோக்கு யாதெனக் கேட்டவர்களுக்கெல்லாம் 'வாசிப்பு' என்று விடையளித்து வந்திருக்கிறேன். அது பொய்யன்று, பாதி உண்மை. மறுபாதி, என் பன்னிரண்டாம் வயது தொட்டு இன்றுவரை நான் வீடியோ கேம் ஆடிவருகிறேன் என்பது. விரிவுரையாளர் பணிக்கான நேர்காணலொன்றில், கணிப்பொறியை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார்கள். ஆய்வேடு தட்டச்சு செய்வதற்கு என்றேன். அன்று காலை இரண்டு மணிவரை அதே கணிப்பொறியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லியிருந்தால் இன்று உங்கள்முன் நிற்கும் தகுதி எனக்கு வாய்த்திருக்காது.

1993ஆம் ஆண்டு, சென்னை பர்மா பஜாரிலிருந்து அப்பா ஒரு டிவி கேம் வாங்கிவந்தார். தம்பிக்காக வாங்கியது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் கருவியைப் பார்த்து வேறு யாரோ செய்த போலி அது என்பது எங்களுக்குத் தெரியாது. நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தாம், அவையே வேறுவேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். படம் தெரியாவிட்டால் கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊதிவிட்டு மீண்டும் செருகுவோம். எங்கள் தெருவில் எல்லாரும் ஊதினார்கள்.

அதில்தான் சூப்பர் மரியோவைக் கண்டேன். 1985இல் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய ஆட்டம். இருவர் ஆடலாம் என்று திரையில் எழுதியிருக்கும். ஆனால் சேர்ந்து ஆட முடியாது. முதல் ஆட்டக்காரரின் மரியோ உயிரிழந்தால்தான் இரண்டாம் ஆட்டக்காரரின் லூயிஜிக்கு முறை வரும். முதல் கைப்பிடி எப்போதும் தம்பியிடம். அவன் சாகட்டும் என்று காத்துக்கொண்டு, பச்சைச் சட்டை லூயிஜியாக நான் உட்கார்ந்திருப்பேன். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற பாட்டியின் குரல் பின்னாலிருந்து வரும். ஆதலால் ஆட்டத்தை ஆடிக் கற்றதைவிடப் பார்த்துக் கற்றதே எனக்கு மிகுதி. பிற்காலத்தில் பாடலை வாசிக்கக் கற்றதும் ஏறக்குறைய அப்படித்தான்.

அப்படிப் பார்த்திருந்த நாள்களில் ஒன்றைக் கவனித்தேன். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். தம்பியிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. அந்த ஆட்டம் முழுவதும், எட்டு உலகங்களும் முப்பத்திரண்டு கட்டங்களும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்ததால் செய்த சிக்கனம் அது என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். ஒரு சொல்லை இருபொருள்பட நிறுத்துவதை நாம் இரட்டுறமொழிதல் என்கிறோம். இடமின்மையால் பிறந்த இரட்டுறமொழிதலை நான் முதலில் கண்டது காளமேகத்திடம் அன்று, அந்தப் போலிக் கருவியில்தான். புலவர்கள் பொறுத்தருள்க.

அதே காலத்தில் கையடக்கமான 'பிரிக் கேம்' கடைதோறும் விற்றது. டெட்ரிஸ் ஆட்டத்தின் மலிவான வடிவம். மூலத்தை 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் எழுதினார். அவரிடமிருந்த எலெக்ட்ரோனிகா 60 என்னும் பொறியில் படம் வரைய வசதி இல்லை. எனவே எழுத்துக் குறிகளை அடுக்கியே கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள், அவ்வளவே ஆட்டம். உலகமெல்லாம் அதை ஆடியது. 1996இல் உரிமை அவரிடம் வரும்வரை அவருக்கு அதில் உரிமத்தொகை கிடைக்கவில்லை. பதிப்பாளர்களிடம் பழகிய நம் கவிஞர்களுக்கு இதில் வியப்பிராது.

டெட்ரிஸில் வெற்றி என்பதே இல்லை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் தோல்வியில்தான் முடியும், தள்ளிப்போடலாம் அவ்வளவுதான். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், பதின்மூன்று வயது, பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை அது செயலிழந்து உறையும் எல்லைவரை ஆடிக்காட்டினான். அச்செய்தியைப் படித்த இரவு எனக்கு ஏனோ உறக்கம் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த 1998ஆம் ஆண்டுக் கோடையில் கணிப்பொறி வகுப்பில் சேர்த்தார்கள். பாடம் முடிந்த பின் மீதமிருந்த கால்மணி நேரங்களில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆடினோம். ஜோர்டன் மெக்னர் 1989இல் வெளியிட்டது. தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அந்த ஓட்டத்தில் ஓர் உடலின் பாரம் இருக்கும். விளிம்பில் தொங்கும்போது நம் விரல்கள் வலிக்கும்.

நான் சொல்ல விரும்புவது அதன் நிழலுருவைப் பற்றி. ஒரு கட்டத்தில் வழியை மறித்துக் கண்ணாடி நிற்கும். இளவரசன் பாய்ந்து அதனூடே செல்வான், அவனுடைய நிழல் மறுபுறம் குதித்து ஓடிவிடும். அதன்பின் அந்நிழல் அவனுக்குக் கெடுதல் செய்துகொண்டே வரும். பன்னிரண்டாம் கட்டத்தில் இருவரும் வாளோடு எதிர்நிற்பார்கள். நிழலை வெட்டினால் நம் உயிரே குறையும். நாங்கள் எத்தனையோ முறை செத்தோம். ஒருநாள் எரிச்சலில் வாளை உறையிலிட்டேன். நிழலும் வாளை உறையிலிட்டது. நெருங்கிச் சென்றதும் இருவரும் ஒருவராயினர். பக்கத்து நாற்காலிப் பையன்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இன்னொரு பாத்திரம் வரைய அன்றைய பொறியின் நினைவகத்தில் இடமில்லாமையால், இருந்த இளவரசனின் படத்தையே மாற்றி நிழலாக்கினார் மெக்னர் என்பது பின்னர் தெரிந்தது. வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் முடியவேண்டும் என்ற நெருக்கடியில்தானே நமக்கும் நல்ல சொல் வந்து விழுகிறது!

இடையில் ஆடியவை பல. அவற்றில் பெரும்பாலானவை சுட்டுத்தள்ளும் ஆட்டங்கள், பேச ஒன்றுமில்லை.

ஆய்வுக் காலத்தில் தம்பி தன் சம்பளத்தில் பிளேஸ்டேஷன் 2 வாங்கினான். அதில் 'ஷேடோ ஆஃப் த கொலாசஸ்' என்ற ஆட்டம். ஃபுமிட்டோ உயெடா என்ற ஜப்பானியர் 2005இல் படைத்தது. இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டி, ஆளரவமற்ற நிலத்தில் ஓர் இளைஞன் குதிரையில் செல்கிறான். பதினாறு பேருருவங்களைக் கொல்லவேண்டும் என்பது நிபந்தனை. வேறு பகைவர் இல்லை, ஊர் இல்லை, கடை இல்லை. நெடுந்தூரம் வெறும் புல்வெளி. அவ்வுருவங்களுட் சில நம்மைத் தாக்கவும் நினையாமல் தம்போக்கில் திரிபவை. அவற்றின் மயிரைப் பற்றி ஏறி வாளைப் பாய்ச்ச வேண்டும். விழும்போது வெற்றி முரசு ஒலிப்பதில்லை, இரங்கலிசை ஒலிக்கும். ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் இளைஞனின் முகம் சிறிது சிறிதாக வெளிறிக் கறுக்கும்.

பகலில் கையறுநிலைப் பாடல்களுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். துறை, பாடியவர், பாடப்பட்டோர், அடி எண்ணிக்கை. இரவில் அந்த வெளியில் குதிரை ஓட்டினேன். வீழ்ந்தவனைப் பாடுபவன் அந்த வீழ்ச்சிக்குத் தானும் ஒரு வகையில் பொறுப்பாளியோ என்ற கேள்வி, என் ஆய்வேட்டின் நான்காம் இயல், அட்டவணையிலிருந்து எழவில்லை. முன்னுரையில் பலருக்கு நன்றி கூறியிருக்கிறேன். இதற்குக் கூறவில்லை. அதை ஒரு குறையாகவே இத்தனை ஆண்டும் சுமந்தேன்.

இனி, இதையெல்லாம் இன்று சொல்ல நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். தேர்வில் தமிழுக்கு நல்ல மதிப்பெண் வாங்குவாள். ஆனால் ஒரு கதைப்புத்தகத்தைத் தமிழில் முழுதாகப் படித்ததில்லை. வரியில் விரல்வைத்து எழுத்துக் கூட்டுவாள். தமிழ் விரிவுரையாளரின் மகள். பிறர் பிள்ளைகளுக்கு இருபதாண்டுகளாக யாப்பிலக்கணம் நடத்தும் நான் இதை இவ்வட்டத்தில் ஒருமுறையும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆட்டத்தை மறைத்ததைவிட அதிகமாக மறைத்தது இதைத்தான்.

2023 ஜூலை இறுதியில் கனடாவின் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 'வெண்பா' என்றொரு ஆட்டத்தை வெளியிட்டது. 1988இல் கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம். தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். ஆடுபவர் செய்யவேண்டியது சமையல். வெண்பாவின் தாய் எழுதிக்கொடுத்த குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்யவேண்டும். பின்னணியில் ஒவ்வொரு காலத்துத் திரையிசையின் சாயலில் தமிழ்ப் பாடல்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அதை ஆண்டின் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தேர்ந்தது.

நானும் மகளும் ஆடினோம். கைப்பிடியை அவளிடம் கொடுத்துவிட்டு, பழக்கப்படி அருகில் உட்கார்ந்தேன். கவின் வளர்கிறான், தாய்மொழி அவனிடமிருந்து நழுவுகிறது. பாட்டியின் எழுத்தை அவன் தடுமாறி வாசிக்கும் இடத்தில் என் மகள் ஆட்டத்தை நிறுத்தினாள். "அம்மா, இவன் என்னை மாதிரியே படிக்கிறான்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "வெண்பா என்றால் என்ன?" என்று கேட்டாள்.

நேரசை, நிரையசை என்று தொடங்கினேன். கொட்டாவி விட்டாள். வகுப்பில் எத்தனை கொட்டாவிகளை நான் பொருட்படுத்தாமல் கடந்திருக்கிறேன் என்று அன்று தோன்றியது. பழைய டெட்ரிஸைத் திரையில் திறந்தேன். விழும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு சீர் என்றேன். முன்னால் விழுந்ததன் விளிம்பைப் பார்த்துத்தான் அடுத்தது பொருந்தும். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். பொருந்தாவிட்டால் இடுக்கில் ஓட்டை, அதன் பெயர் தளை தட்டுதல். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓட்டை விழுந்தால் தோற்றுவிடுவோமா?" என்றாள். உடனே இல்லை என்றேன்.

இரண்டு வாரங்களுக்குப்பின், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு அடிகள் எழுதிக் காட்டினாள். பொருள், எங்கள் வீட்டு மிக்சி போடும் சத்தம். மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது. ஈற்றடி முச்சீராகவே இருக்கிறது, காசு வாய்பாட்டில் முடிகிறது. நான் இன்னும் கை வைக்கவில்லை. தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். உணவு இடைவேளையில் கவிஞர்கள் யாரேனும் பார்த்துச் சொல்வதானால், அந்த மூன்றாம் அடியை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். திருத்துவது அவள் முறை.