ஊரிலும் கடல் கடந்தும் ஒரே கைபேசி

தாய்த் தமிழகத்தைவிட்டு மும்பையில் குடியேறிய நமக்குத் தொலைபேசியின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் முதியோர், ஊருக்குப் பேச ‘டிரங்க் கால்’ பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்தை அறிவார்கள். பின்னர்த் தெருமுனைதோறும் எஸ்.டி.டி. கடைகள் தோன்றின. கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்து வரிசையில் நின்று, ஓடுகின்ற மீட்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே பெற்றோரின் நலம் கேட்டோம். 1995-ஆம் ஆண்டில் கைபேசி இந்நாட்டுக்கு வந்தது. இன்று அது பெரும்பாலோர் கையில் இருக்கிறது.

அதே கைபேசியுடன் மஸ்கத்துக்கு வேலைக்கோ, அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டுக்கோ புறப்படும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அங்கே இது வேலை செய்யுமா? செலவு எவ்வளவு ஆகும்? அங்கு வேறு எண் வாங்கினால் இந்த எண் என்னவாகும்? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் சிலரே. ஆயினும் அதுவே தலையாயது.

முதல் வினாவைப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் கைபேசி அடுத்த நாட்டில் பயன்படாத நிலை ஒரு காலத்தில் இருந்தது. அதை மாற்றக் கருதி 1987-இல் 13 நாடுகளின் பிரதிநிதிகள் கோபன்ஹேகன் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதன் பயனாகப் பிறந்த ஜி.எஸ்.எம். என்னும் பொது முறை 1991-இல் பின்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் அம்முறையையே ஏற்றன. ஜப்பான் தனி முறையை வைத்திருந்தது. அமெரிக்காவில் அலைவரிசை வேறு. ஆதலின் அந்நாட்களில் நம் கைபேசி அவ்விடங்களில் ஊமையாகிவிடும். இக்காலத்துக் கைபேசிகள் பல அலைவரிசைகளையும் ஏற்பதால் அக்குறை பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் பழைய பொத்தான் கைபேசி வைத்திருக்கும் பெரியோர் ஒன்றைக் கருத வேண்டும். அவற்றுட் பல இரண்டாம் தலைமுறை அலைகளை மட்டுமே அறிந்தவை. சிங்கப்பூர் அச்சேவையை 2017-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது.

இனிச் செலவு. ‘ரோமிங்’ என்பதன் இயல்பை அறிந்தால் கட்டணத்தின் காரணமும் விளங்கும். சிம் அட்டையில் நாம் பிறருக்குச் சொல்லும் எண்ணின்றி வேறோர் அடையாள எண்ணும் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவுக்கு 404, 405 என்பவை. மஸ்கத்தில் இறங்கிக் கைபேசியை இயக்கியதும் அங்குள்ள நிறுவனம் அவ்வெண்ணைப் படித்து, ‘இவர் உங்களைச் சேர்ந்தவரா?’ என்று நம் நாட்டு நிறுவனத்தைக் கேட்கிறது. ‘ஆம், செலவுக்கு நாங்கள் பொறுப்பு’ என்ற விடை வந்த பின்னரே இடம் கொடுக்கிறது. ஊரிலிருந்து புதிதாகத் தாராவிக்கு வரும் இளைஞனுக்கு உறவினர் ஒருவர் ஜாமீன் சொல்லி அறை பிடித்துத் தருவது போன்றதே இது.

அப்போது தாராவியிலிருந்து ஒருவர் நம்மை அழைத்தால், அவ்வழைப்பு முதலில் நம் நாட்டு நிறுவனத்தை அடைந்து, பிறகே மஸ்கத்துக்குச் செல்லும். கடல் கடக்கும் செலவு நம்மைச் சார்ந்தது. வந்த அழைப்புக்கும் நாம் பணம் கொடுப்பது இதனாலேதான். இணையச் செலவோ இன்னும் கொடிது. கைபேசி நாம் தொடாமலே படங்களையும் செய்திகளையும் இறக்கிக்கொண்டிருக்கும். ஆகவே விமானம் ஏறுமுன் ‘டேட்டா ரோமிங்’ என்பதை நிறுத்திவிடுவது நலம். சில நாள் பயணமாயின் அதற்குரிய திட்டத்தை முன்னரே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது வினாவுக்கு வருவோம். செம்பூரில் எமக்குத் தெரிந்த முதிய தம்பதியர் ஆறு மாதம் மகளோடு தங்கச் சென்றார்கள். செலவுக்கு அஞ்சி மும்பை சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டு, அங்குள்ள எண்ணைப் பயன்படுத்தினார்கள். நான்காம் மாதத்தில் வங்கியில் ஒரு வேலை நேர்ந்தது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி. அவர்களை அடையவில்லை, எண் துண்டிக்கப்பட்டிருந்தது. அதனினும் வருத்தம் ஒன்று உண்டு. ஊரிலிருந்த அந்த அம்மையாரின் தமக்கைக்குத் தெரிந்தது அந்த ஓர் எண்தான். நோயுற்றிருந்த அவர் பலமுறை அழைத்தும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற குரலையே கேட்டார். தங்கைக்குச் செய்தி எட்டியபோது காலம் கடந்துவிட்டது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் வகுத்த விதிப்படி, 90 நாள் பயன்படுத்தாத முன்கட்டண எண்ணில் இருப்பு 20 ரூபாய்க்கும் குறைவாயின் அதைத் துண்டிக்கலாம். திட்டத்தின் காலம் முடிந்தால் அழைப்பும் செய்தியும் அதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம் என்பதை அவ்வாணையம் 2023-இல் உச்ச நீதிமன்றத்திலும் தெரிவித்தது. அதன் பிறகு நம் வங்கிச் செய்தி அன்னியர் கைக்கும் போகலாமன்றோ?

இதைத் தவிர்ப்பது கடினமன்று. இன்றைய கைபேசிகள் பலவற்றில் இரண்டு சிம்களுக்கு இடமுண்டு. சிலவற்றில் அட்டையே வேண்டாத இ-சிம் வசதியும் உண்டு. ஒன்றில் மும்பை எண்ணையும் மற்றொன்றில் அவ்வூர் எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு ரோமிங்கை மும்பையிலேயே திறந்துகொள்ள வேண்டும். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இராது. எனினும் நிறுவனத்தைக் கேட்டுத் தெளிக. திட்டம் முடியும் நாளைக் குறித்துவைத்து, இங்குள்ள பிள்ளைகள் பணம் கட்டிவரட்டும். இடையிடையே அவ்வெண்ணிலிருந்து ஒரு செய்தியேனும் அனுப்புக. வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சிங்கப்பூர், ஓமான், கத்தார், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களை என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளோடு இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்த 2023-இல் அனுமதி தரப்பட்டது.

பிழைப்புக்காக வந்த நாம் எத்தனை வீடு மாறினாலும், ஊரிலுள்ள வீட்டையே ‘நிரந்தர விலாசம்’ என்று எழுதி வந்தவர்கள். இன்று நம் கைபேசி எண்ணும் அத்தகைய விலாசமாகிவிட்டது. பயணம் புறப்படும் பெற்றோரிடம் பாஸ்போர்ட்டும் மருந்தும் எடுத்தாயிற்றா என்று கேட்கும் பிள்ளைகள், இந்த எண் அங்கும் உயிரோடிருக்குமா என்பதையும் பார்த்து அனுப்புவார்களாக. ஊரிலிருந்து ஒருவர் எந்நேரத்தில் அழைத்தாலும் நம் குரல் அவருக்குக் கிடைக்க வேண்டும்.