மனநல ஆராய்ச்சியும் நம் வீட்டுத் திண்ணையும்



பிசான நடவு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம். அண்ணாச்சி திண்ணையில் இருக்கிறார். மதினி மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார். பச்சைக் குழந்தை தொட்டிலில். அப்போது இருவர் வந்து, "யுனிவர்சிட்டியில இருந்து வாறோம். பேறுகாலத்துக்குப் பிறகு தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு பற்றி ஆராய்ச்சி செய்கிறோம்" என்கிறார்கள். கையில் ஒரு படிவம். அதன் அடியில் ஒரு கம்பெனியின் பெயரும் அச்சாகியிருக்கிறது.

என்ன செய்வீர்கள்? "எங்க வீட்ல யாருக்கும் பைத்தியம் இல்ல, போங்க" என்று விரட்டுவோர் உண்டு. "கவர்மெண்டு ஆளுகதான, கையெழுத்த போட்டு விடு" என்போரும் உண்டு. இரண்டும் சரியல்ல.

விரட்டுவது ஏன் சரியல்ல? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைச் சந்தித்து, பேறுகாலத்துக்குப் பிறகும் போய் விசாரித்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. நூற்றுக்குச் சுமார் 11 தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டிருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ மனத்தாங்கல் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் துன்பத்தைக் கண்டவர்கள், வீட்டு வேலைக்குக் கை உதவி இல்லாதவர்கள். இதில் பேயும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. கடைசியாகச் சொன்னது முழுக்க அண்ணாச்சி கையில் இருக்கிறது! அந்தத் தாய்மார் வாய் திறந்து பதில் சொன்னதால்தான் இது நமக்குத் தெரிய வந்தது.

சரி, படிவத்தில் கம்பெனிக்கு என்ன வேலை? ஒரு கல்லூரியால் மட்டும் எல்லாம் ஆகாது. கேள்வி தயாரிக்க, கணக்குப் பார்க்கப் பேராசிரியர்கள் வேண்டும். பணம் வேண்டும். செல்போன் கருவி செய்ய ஒரு கம்பெனி வேண்டும். வீடு வீடாகப் போக உள்ளூர்ப் பணியாளர் வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், டாட்டா அறக்கட்டளை உதவியுடன் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் டி.வி. திரை, சென்னை டாக்டர் அதன் வழியே நோயாளியோடு பேசுவார், மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும்.

அதே ஸ்கார்ஃப், லண்டன் பல்கலைக்கழகத்தாரோடும் கோவா, மராட்டிய நிறுவனங்களோடும் சேர்ந்து 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தது. ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் பெற்றவர்களை விட, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிப் போய்க் கவனித்தவர்களுக்கு ஓரளவு கூடுதல் குணம் தெரிந்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில்தான் பலன் அதிகம். இது 2014இல் 'லான்செட்' இதழில் வந்தது.

ஆனால் கூட்டு என்றால் இழுபறியும் உண்டு. பேராசிரியருக்கு உண்மை வெளிவர வேண்டும். கம்பெனிக்குத் தன் சரக்கு விற்க வேண்டும். ஆகவே யார் என்ன செய்வது, உங்கள் பதில்கள் யாரிடம் இருக்கும், முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடுவார்களா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தாமிரபரணிக் கால்வாயில் தலைமடைக்காரர்கள் மட்டும் கூடிப் பேசி முறை வைத்தால் கடைமடை காயாதா? இந்தக் கூட்டில் கடைமடை நீங்கள்.

அதனால் கேளுங்கள். "இந்த ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கா? பணம் யாரு குடுக்கா? எங்க பேரு வெளிய வருமா? மருந்து உண்டுமா, வெறும் கேள்விதானா? கேள்வி கேட்டு, சோர்வு இருக்குன்னு தெரிஞ்சா யாருட்ட அனுப்புவீங்க?" கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் யோசியுங்கள். புது மருந்துச் சோதனை என்றால், அதனால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எழுத்து தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. மதினிக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரிடமே மனமறிந்த சம்மதம் கேட்கச் சொல்கிறது. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மதினியைத் தனியே கேட்க வேண்டும் என்றால், நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரு வரை போய்வாருங்கள். மாமியார் பற்றிய கேள்விக்கு மாமியார் முன்னால் என்ன பதில் வரும்?

முடியாது என்று சொன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் வைத்தியம் நிற்காது. ஆராய்ச்சி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதால், தூங்காமல், சாப்பிடாமல், பிள்ளையை ஏறெடுத்துப் பாராமல் இருந்தால் கிராம நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள்.

ஆராய்ச்சிக்குச் சம்மதித்தால், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.