ஓடுதளம் யாருக்கு? – தாமல் தெருமுனைக் கூட்ட உரை

(தாமல் தெருமுனைக் கூட்டத்தில் நம் கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சார்பில் பேசியது. அன்று வர முடியாத சொந்தங்களுக்காக எழுத்து வடிவில்.)



குடிநீர், ரோடு, நெல் கொள்முதல் பத்தி மூத்தவங்க பேசிட்டாங்க. எனக்குக் கிடைச்சது பத்து நிமிஷம். அதுல விளையாட்டு பத்திப் பேசப் போறேன். "ஓட்டு கேக்க வந்த இடத்துல ஓட்டப்பந்தயமா?"ன்னு சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் கேளுங்க, இது உங்க வீட்டுப் பிள்ளையோட விஷயம்.

2025 நவம்பர் 26. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். 2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் உரிமை அகமதாபாத்துக்குக் கிடைச்சது. எதிர்த்து நின்னது நைஜீரியாவின் அபுஜா. 2036 ஒலிம்பிக்கும் வேணும்னு இந்தியா 2024-லேயே கடிதம் கொடுத்தாச்சு. நகரங்கள் இப்படி முட்டி மோதுதே, நம்ம சென்னை எங்கே?

சென்னை கையில ஒரு பெரிய போட்டி இருந்தது, சொந்தங்களே. 2013-ல் 20-வது ஆசிய தடகள சாம்பியன்ஷிப் நம்ம சென்னையில்தான் நடக்க இருந்தது. அந்த பிப்ரவரியில் பாலச்சந்திரன் புகைப்படங்கள் வெளியே வந்தன. 12 வயசுப் பிள்ளை. நான் அப்போ எட்டாவது படிச்சேன். பேப்பர்ல அந்தப் படத்தைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. தமிழ்நாடே கொதிச்சது. இலங்கை வீரர்கள் வருவதாக இருந்தால் போட்டியை இங்கே நடத்த முடியாது என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். போட்டி புனேவுக்குப் போனது. ஜூலை 3 முதல் 7 வரை அங்கே நடந்து முடிந்தது.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது நியாயமான கோபம், எனக்கும் இருந்த கோபம். ஆனா அதுக்கு ஒரு விலை கொடுத்தோம். விலை கொடுத்தது அமைச்சர்கள் இல்லை, கேலரியில உக்காந்து பாத்திருக்க வேண்டிய நம்ம பிள்ளைங்க. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி அதே நேரு ஸ்டேடியத்தில் நடந்தது, இலங்கைப் பிள்ளைகளும் வந்து ஓடினாங்க. ஆனா 2013-ல் கைவிட்டுப் போன அந்த ஆசிய சாம்பியன்ஷிப் சென்னைக்கு இன்னும் திரும்பி வரல.

இப்போ ஒடிசாவைப் பாருங்க. 2017-ல் இதே ஆசிய சாம்பியன்ஷிப் ராஞ்சிக்குக் கிடைச்சது. ராஞ்சி பின்வாங்கினதும் புவனேஸ்வர் கையைத் தூக்கியது. சுமார் 90 நாளில் கலிங்கா ஸ்டேடியத்தைத் தயார் பண்ணாங்க. அந்தப் போட்டியில் 12 தங்கத்தோட இந்தியா முதலிடம். 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினது யாரு? நம்ம புதுக்கோட்டை லட்சுமணன்! ஓடினது தமிழ்நாட்டுப் பிள்ளை, கைத்தட்டினது ஒடிசாவின் பிள்ளைகள். எனக்கு உறுத்துறது அதுதான்.

நம்மால முடியாதா? 2022-ல் ரஷ்யாவிடம் இருந்து செஸ் ஒலிம்பியாட் பறிக்கப்பட்டபோது, சில மாதங்களில் பக்கத்து மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டினோம். எந்த ஆட்சியில் நடந்தாலும் நல்லதை நல்லதுன்னு சொல்றதுல நமக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

ஆனா, போட்டி வாங்கிட்டா போதுமா?

2017 உலகத் தடகள சாம்பியன்ஷிப்புக்கு லண்டனும் கத்தாரின் தோஹாவும் மோதின. 16-க்கு 10 என்ற ஓட்டில் லண்டன் ஜெயிச்சது. தோஹா விடாம 2019 போட்டியை வாங்கியது. கடைசியில என்ன ஆச்சு? வெயில் தாங்காம மாரத்தானை நள்ளிரவில் வச்சாங்க, பல நாள் கேலரி காத்தாடியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை வாங்கிட்டு, செலவு எகிறுதுன்னு 2023-ல் கையை விரிச்சது. நம்ம டெல்லி 2010 காமன்வெல்த் கதை உங்களுக்கே தெரியும். கணக்கு கேட்டு தணிக்கை அறிக்கை, சிபிஐ, கோர்ட்டுன்னு வருஷக்கணக்கா இழுத்தது.

இதுக்கு மருந்து வெளிநாட்டில் இல்லை, நம்ம உத்திரமேரூரில் இருக்கு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஏறத்தாழ 1,100 வருஷத்துக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கல, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒரு விதி இன்னைக்கும் தங்கம்: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி போட்டியிடக் கூடாது. அவன் மட்டும் இல்லை, அவனோட நெருங்கிய சொந்தக்காரனும் கூடாது!

ஆளுக்கு மட்டும் இல்லை, ஊருக்கும் நகரத்துக்கும் அதே விதியை வைப்போம். சென்னை போட்டியிடட்டும், நெஞ்சை நிமிர்த்திப் போட்டியிடட்டும். ஆனா எவ்வளவு செலவு, போட்டி முடிஞ்ச மறுநாள் காலையில அந்த ஓடுதளத்தில் யாரை ஓட விடுவாங்க, இந்த ரெண்டு கணக்கையும் மக்கள் முன்னால வச்சுட்டுப் போட்டியிடட்டும்.

மூணாவதா ஒரு கணக்கு இருக்கு. அது நம்ம ஊர்க் கணக்கு. விடியக்காலை தாமல் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்க. போலீஸ் வேலைக்காக ஓடுற பிள்ளைகளைப் பார்க்கலாம். பையன் 7 நிமிஷத்தில் 1,500 மீட்டர் ஓடணும். பொண்ணு இரண்டரை நிமிஷத்தில் 400 மீட்டர் ஓடணும். தூரத்தை எதை வச்சு அளக்குறாங்க? "அந்தப் புளியமரம் வரைக்கும்"! சில பேர் நெடுஞ்சாலை ஓரத்துல ஓடுறாங்க. பெங்களூரு லாரி பக்கத்துல பறக்குது. பெத்தவங்க எந்த நம்பிக்கையில பொண்ணை அனுப்புவாங்க?

நான் இன்ஜினியரிங் படிச்சவன், ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சர்வதேசத் தரத்தில் 400 மீட்டர் ஓடுதளத்துக்கு சுமார் நாலு ஏக்கர் வேணும். ஆனா நாலு பேர் சேர்ந்து ஓடுற 200 மீட்டர் மண் ஓடுதளத்துக்கு ஒரு ஏக்கரும் கொஞ்சமும் போதும். ரோலர் போட்டு இறுக்கின மண், சுண்ணாம்புக் கோடு, ரெண்டு விளக்கு, பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை. இதுக்கு எந்த நாட்டோடயும் மோத வேண்டாம், மொனாக்கோ போய் ஓட்டு வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல ஊராட்சி இருக்கு. நாளைக்கு சென்னையில் உலகப் போட்டி நடந்தா, அதில் ஓடப் போற பிள்ளை இந்த மாதிரி ஒரு மண் தளத்துல இருந்துதான் வரணும்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது மூணே விஷயம்.

1. உங்க ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே இருக்குன்னு போய்ப் பாருங்க. பூட்டின ரூம்ல கிடந்தா திறக்கச் சொல்லுங்க.

2. ஊர்ல ஒரு ஏக்கர் பொது இடம் எங்கே இருக்குன்னு விஏஓ கிட்ட விசாரியுங்க. நீர்நிலைப் புறம்போக்கு வேண்டாம், ஏரியை நாம தொடக் கூடாது.

3. அடுத்த கிராம சபையில் ஓடுதளம் வேணும்னு மனு கொடுத்து, தீர்மானமா எழுத வையுங்க. எழுதினதைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மனு மாதிரி வேணும்னா இந்தப் பதிவுக்குக் கீழே "மனு"ன்னு போடுங்க, நம்ம பிரிவுத் தம்பிகள் அனுப்புவாங்க. எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் கொடுப்போம். ஓடுற பிள்ளை காலில் கட்சிக் கொடி இல்லை.

2013-ல் போன போட்டி போனதுதான். அடுத்தது வரும்போது கேலரியில நம்ம பிள்ளைங்க உக்காந்திருக்கணும். தளத்துல தாமல் பிள்ளை ஒண்ணு ஓடணும்.



#ஊருக்கொருஓடுதளம் #கணக்கைக்காட்டு #தாமல்