பெயிண்ட் டப்பாவும் பால் தம்ளரும்

(கொடைரோட்டில் நடந்த நமது ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் குழந்தைகள் வார்டு மருத்துவர் ஆற்றிய உரை)



கொடைரோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயிலைவிட்டு இறங்கி மலைக்கு வண்டி பிடிக்கிற இடம். எங்களுக்கு அப்படியல்ல. அம்மையநாயக்கனூரிலும் நிலக்கோட்டையிலும் பூப்பறித்து, திராட்சைத் தோட்டத்தில் வேலைசெய்து, பிடியரிசி எடுத்துவைத்து எங்கள் ஊழியத்தைத் தாங்குகிற குடும்பங்கள் இருக்கிற இடம். போன வருஷம் நீங்கள் அனுப்பிய காணிக்கையோடு ஒரு சீட்டும் வந்தது. “குழந்தைகள் வார்டுக்குக் கிறிஸ்துமஸுக்குள் பெயிண்ட் அடிக்க” என்று எழுதியிருந்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்குள் முடியவில்லை. பொங்கலும் கடந்துதான் முடிந்தது. உள்ளே வரும்போதே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, என் வீட்டை ரெண்டே நாளில் அடிச்சு முடிச்சேன். ஒரு வார்டுக்கு மூணு வாரமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் பணத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டியது எங்கள் கடமை. அந்தக் கணக்கைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதற்குள் உங்கள் வீட்டுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை நாம் அதிகமாய் வாசிப்பதில்லை. வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அங்கே ஒழுங்கு சொல்லியிருக்கிறது. முதலில் வீட்டைக் காலிசெய்யவேண்டும். அதை ஏழு நாள் பூட்டிவைக்கவேண்டும். தோஷம் பரவியிருந்தால் உள்சுவரைச் சுற்றிலும் சுரண்டி, அந்தத் தூளை ஊருக்கு வெளியே அசுத்தமான இடத்தில் கொட்டவேண்டும். அதன்பிறகுதான் புதுச் சாந்து. காலிசெய், பூட்டு, சுரண்டு, தூளை அப்புறப்படுத்து, பிறகு பூசு. நாமோ கடைசிக் காரியத்தை மட்டும் செய்கிறோம். டிசம்பர் இருபதாம் தேதி ஆளைக் கூப்பிட்டு, பிள்ளைகள் காலடியில் ஓட, நாய் வாசலில் படுத்திருக்க, அவசர அவசரமாய் அடித்து முடிக்கிறோம்.

அந்த அவசரத்தில் எங்களிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறேன். மூன்று வயதுப் பையன். தாயும் தகப்பனும் விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் பாட்டி. சித்தப்பா பெயிண்டர், அண்ணன் வீட்டுக் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ் கழுவ டர்பன்டைனை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடி திருகி, ஜன்னல் திண்டில் வைத்திருந்தார். பார்வைக்குத் தண்ணீர். பையனுக்குத் தாகம். ஒரு மடக்குத்தான் குடித்தான், உடனே இருமினான். பாட்டி பதறிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அதுவே அவனுக்குப் பெரிய ஆபத்தாய் முடிந்தது.

தாய்மார்களே, இதை மறக்கவேண்டாம். மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் ஆகியவை வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி எடுக்கும்போது சில துளி மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலே போதும், நுரையீரல் வெந்துபோகும். ஆகவே வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பால், மோர், எண்ணெய் எதையும் புகட்டக் கூடாது. எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுத் துடைத்து, 108க்குச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள். பிள்ளை நன்றாய் விளையாடினாலும் சில மணிநேரம் நாங்கள் வைத்துப் பார்க்கவேண்டும். மூச்சுத் திணறல் பிறகும் ஆரம்பிக்கலாம்.

அந்தப் பையன் நான்கு நாள் ஆக்ஸிஜனில் இருந்தான். நான்கு நாளும் சித்தப்பா வார்டு வாசலைவிட்டு நகரவில்லை. “மூடியை இறுக்கித்தான் வச்சேன் டாக்டரம்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூடி அல்ல குற்றம், பாட்டில்தான் குற்றம். சிறியவருக்குக் கொடுக்கிற ஒரு கிண்ணம் தண்ணீரும் பலனை இழக்காது என்று ஆண்டவர் சொன்னார். தண்ணீர் என்று பிள்ளை நம்பி எடுக்கிற பாத்திரத்தில் வேறொன்றை வைப்பது எவ்வளவு பெரிய காரியம்! கர்த்தருடைய கிருபையால் ஐந்தாம் நாள் பையன் இட்லி கேட்டான். சித்தப்பா உட்கார்ந்து அழுதார்.

அடுத்தது சுண்ணாம்பு. பெயிண்டைவிடச் சுண்ணாம்பு நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். மலிவு, சுவருக்கும் காற்றோட்டம். ஆனால் கல் சுண்ணாம்பை டிரம்மில் நீற்றும்போது அது கொதிக்கிறது. கொதிப்பதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடுவார்கள். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் கருவிழியே வெந்து பார்வை போகலாம். நீற்றுகிற நாளில் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தெறித்துவிட்டால் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுமுன் குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து, குறைந்தது அரைமணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கிற சுண்ணாம்புத் துணுக்கைச் சுத்தமான ஈரத்துணியால் எடுங்கள். தேய்க்க வேண்டாம். எண்ணெய், தாய்ப்பால் விடவேண்டாம். கழுவினபிறகு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த அரைமணி நேரத்துக்கு ஈடான வைத்தியம் எங்களிடம் இல்லை.

இந்த இரண்டும் சட்டென்று தெரிகிற ஆபத்து. மூன்றாவது, சத்தமில்லாத ஆபத்து. அது பழைய பெயிண்டில் இருக்கிற ஈயம்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் இருந்தார். பிள்ளைகள் பார்வை மங்கி, கை கால் சோர்ந்து வருவதை அவர் கண்டார். 1904இல் காரணத்தை எழுதினார். வெயிலில் காய்ந்து மாவாய் உதிர்கிற வராந்தாக் கம்பியின் பெயிண்ட், பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்றார். நம் திண்டுக்கல் வெயில் அந்த வெயிலுக்குக் குறைந்ததா? 1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பெயிண்டர்களின் நலத்துக்காக, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதைத் தடுக்க உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்தது. நம் தேசத்தில் 2016இல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்குமேல் ஈயம் இருக்கக் கூடாது, அதை டப்பாவிலும் அச்சிடவேண்டும் என்பது விதி.

அப்படியானால் 2017க்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பி, தொட்டில், இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி? அங்கேதான் கவனம் வேண்டும். பயப்படாதேயுங்கள், எல்லாச் சுவரும் விஷமல்ல. சுண்ணாம்பில் பெயிண்ட் ஈயம் கிடையாது. தண்ணீரில் கலக்குகிற எமல்ஷனில் ஈயம் மிகக் குறைவு என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எண்ணெய் கலந்த எனாமல்தான் சந்தேகத்துக்குரியது. மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகம்.

பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடம்பு, விழுங்கின ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாய் ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். நம் பக்கத்தில் சோகை இல்லாத பிள்ளை எத்தனை? சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளிடம் கவனக்குறைவு அதிகம் என்று அவர்களுடைய ஆசிரியர்களின் மதிப்பீட்டிலிருந்து தெரிந்தது. அந்த ஈயம் பல வழியாய் வந்திருக்கும், பெயிண்ட் மட்டும் காரணமல்ல. ஆனால் பெயிண்ட் நம் கையில் இருக்கிற வழி. இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் வராது, கட்டி வராது. பிள்ளை படிப்பில் பின்தங்கும். “மக்கு” என்று அடிப்போம்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். உதிராமல் உறுதியாயிருக்கிற பழைய பெயிண்டைச் சுரண்டவேண்டாம், சோப்புத் தண்ணீரால் கழுவி அதன்மேலேயே அடிக்கலாம். உதிர்கிற இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ, நெருப்பு வைத்துப் பெயிண்டை உரிக்கவோ கூடாது. கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தூளைப் பொட்டலமாய்க் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்கவேண்டாம், ஈரத்துணியால் இரண்டுமுறை துடையுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பெயிண்டர் குளித்து உடை மாற்றினபிறகே தன் பிள்ளையைத் தூக்கட்டும். அடித்தபிறகு இரண்டு மூன்று நாளாவது ஜன்னலைத் திறந்துவைத்து, வேறு அறையில் படுங்கள். மிஷினுக்கும் வண்டிக்கும் அடிக்கிற பெயிண்ட் மிச்சமிருக்கிறது என்று தொட்டிலுக்கு அடிக்காதேயுங்கள். 2016 விதி வீட்டு உபயோகப் பெயிண்டுக்கு மட்டுமே.

வாயில்லா ஜீவன்களையும் மறக்கவேண்டாம். நாய் தன் ரோமத்தில் பட்டதை நக்கியே தீரும். அதன்மேல் பெயிண்ட் பட்டால் தின்னர் போட்டுத் துடைக்காமல், சமையல் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், போகாவிட்டால் ரோமத்தைக் கத்தரியுங்கள். கூண்டுப் பறவைகள் பெயிண்ட் வாசனை தாங்காமல் செத்துப்போகலாம், கூண்டோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கொல்லையில் கொட்டின பெயிண்ட் துணுக்கைக் கோழி கொத்தினால் ஈயம் முட்டைக்கு வரும், முட்டை பிள்ளைக்கு வரும். பழைய பெயிண்ட் டப்பாவில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்காதேயுங்கள். நக்கி நக்கியே மாடு ஈய விஷத்தில் சாவதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இப்போது வார்டுக் கணக்கு. நம் வார்டுச் சுவரில் நாலடி உயரத்துக்குப் பச்சை எனாமல், பழைய அடுக்கின்மேல் அடுக்காய் இருந்தது. பன்னிரண்டு இரும்புக் கட்டிலிலும் பழைய வெள்ளை எனாமல். பல வருஷத்துக்கு முன் ஒருமுறை வார்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, பிள்ளைகளை ஒரு பக்கம் படுக்கவைத்து மறுபக்கம் சுரண்டினார்கள். “இடமில்லை, சமாளித்துக்கொள்வோம்” என்று சம்மதம் கொடுத்தவள் நான்தான். அன்று ஒரு பால் தம்ளரின் விளிம்பில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பாலைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். எனக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. இன்று உறுத்துகிறது.

அதனால்தான் இந்தமுறை தாமதம். முதல் வாரம் பிள்ளைகளைப் பெண்கள் வார்டு வராந்தாவுக்கு மாற்றி, தட்டி கட்டி, வார்டைப் பூட்டினோம். இரண்டாம் வாரம் ஈரமாய்த் தேய்த்து, கழுவி, தூளை மூட்டை கட்டினோம். மூன்றாம் வாரம் அடித்து, காயவிட்டு, மறுபடி தரையைத் துடைத்துத் திறந்தோம். கட்டில்களில் ஏழை மட்டும் மீட்க முடிந்தது. துருப்பிடித்து அடுக்கடுக்காய் உரிந்த ஐந்தைக் கழித்துவிட்டோம். உங்கள் காணிக்கை பெயிண்டுக்கும் கூலிக்கும் சரியாயிருந்தது. அந்த ஐந்து கட்டில்களுக்குப் பதில் இன்னும் வாங்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லுகிறேன், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் யார் என்று சொல்லவில்லையே. அந்தப் பையனின் சித்தப்பாதான். தானாய் வந்து கேட்டார். டர்பன்டைனைக் கடையில் வாங்கின தகர டப்பாவைவிட்டு மாற்றவேயில்லை. டப்பாவின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, சாயங்காலம் எண்ணிப் பூட்டிவிட்டே போவார். கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்யுங்கள். ஆளைக் கூப்பிடுமுன் உங்கள் வீட்டுத் தரையில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் என்ன உதிர்கிறது, என்ன பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நமக்காகத் தம்மைத் தாழ்த்தி, குழந்தையாய்த் தீவனத்தொட்டியில் படுத்தவருடைய பண்டிகைக்கு நம் வீட்டை ஆயத்தம் செய்கிறோம். தரையில் தவழ்கிற பிள்ளைக்கு ஏற்ற வீடே அவருக்கும் ஏற்ற வீடு.

அடுத்தமுறை திண்டுக்கல் பக்கம் வந்தால் வார்டை வந்து பாருங்கள். உங்கள் பிடியரிசி அந்தச் சுவரில் இருக்கிறது. கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.